தொட்டிக்கு ஃபில்டர் மாட்டிய கோடை

என் கணவருக்கு வளைகுடாவில் இருந்த வேலை போய், ஒரு வருடத்துக்கும் மேல் அவர் வீட்டோடு இருந்தார். அந்தக் காலத்தில்தான் எங்கள் கூடத்துக்கு மீன் தொட்டி வந்தது.

அங்கே அவர் பார்த்தது கட்டடப் பராமரிப்பு வேலை. பெரிய பெரிய குடியிருப்புகளின் மோட்டார் அறை, தண்ணீர்த் தொட்டி, ஏசி எல்லாம் அவர் கைக்குள் இருந்தவை. கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒரு பெட்டியோடும் இரண்டு அட்டைப் பெட்டிகளோடும் காரைக்காலில் வந்து இறங்கியபோது, இனி இங்கேயே ஏதாவது பார்த்துக்கொள்ளலாம் என்றார். முதல் சில மாதங்கள் விருந்து, உறவு என்று போயின. பிறகு வீட்டிலிருந்த பழுதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். மாடித் தொட்டியின் மிதவை, சமையலறைக் குழாயின் சொட்டு, என் தையல் மிஷினின் பெல்ட், மாமியின் அறைக் கதவு தரையில் உரசும் சத்தம். ஒரு கட்டத்தில் சரிசெய்ய எதுவும் மிச்சமில்லை. கூடத்தில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பார். அது ஓடும் சத்தத்தில் குறை தேடுகிறார் என்று எனக்குத் தெரியும்.

மாமி என்றால் அவருடைய உம்மா. மகள் புதுச்சேரியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். நான் பக்கத்துத் தெருவில் ஒரு மழலையர் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். மதியத்துக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவேன். அப்படி ஒருநாள் திரும்பியபோது, நாலடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி கூடத்தில் நின்றது. அதற்குக் கீழே கதவு வைத்த மரத் தாங்கி. பக்கத்தில் பாலித்தீன் பையில் இரண்டு மீன்கள். ஆஸ்கர் என்று ஒரு ஜாதி. அப்போது தீப்பெட்டி நீளம்தான் இருந்தன. ஒன்று கறுப்பு உடம்பில் செம்மஞ்சள் தீற்றல்கள் உள்ளது. இன்னொன்று வெள்ளை, கண் மட்டும் சிவப்பு. பெயர் ஏதும் வைக்க வேண்டாம், வைத்தால் பாசம் வந்துவிடும் என்று மாமி சொன்னதால் கறுப்பு, வெள்ளை என்றே கூப்பிட்டோம். பாசம் அப்படியும் வந்தது. அவருக்கு.

இரண்டும் அவர் கையில் இறால் தின்று வளர்ந்தன. மண்டபத்தூரிலிருந்து கூடையில் மீன் கொண்டுவரும் அக்கா, அவர் வாசலில் உட்கார்ந்து தொட்டிக்காக இறால் உரிப்பதைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு போட்டு வளக்குறீங்களே, இத எப்ப அறுப்பீங்க?" என்று உண்மையாகவே கேட்டாள். அவர் சிரித்தார். வேலை போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சில மாதங்களில் மீன்கள் உள்ளங்கையைத் தாண்டி வளர்ந்துவிட்டன. அவர் கூடத்துக்குள் நுழைந்தால் இரண்டும் கண்ணாடியை நோக்கி ஓடிவந்து வாலை ஆட்டும். நான் நுழைந்தால் வராது. நான் இறாலோடு நுழைந்தாலும், என் பின்னால் அவர் வருகிறாரா என்று பார்ப்பதுபோல் ஒரு கணம் நிற்கும்.

பிறகு பழைய சிநேகிதர் ஒருவர் மூலம் அங்கேயே இன்னொரு கம்பெனியில் வேலை அமைந்தது. சம்பளம் முன்பைவிடக் குறைவு. பதவியும் ஒரு படி கீழே. போகமாட்டேன் என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அவரும் நான் போகவேண்டாம் என்று சொல்வேன் என்று காத்திருந்தாரோ என்னவோ. மகளின் படிப்பு இருந்தது. இருவருமாகப் பெட்டி கட்டினோம். கிளம்பும் நாளன்று, காலையில் எவ்வளவு தீனி, மாலையில் எவ்வளவு, தண்ணீரை எப்படி மாற்றுவது என்றே என்னிடம் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு அப்போது கோபம்கூட வந்தது.

தண்ணீர்தான் பெரிய பாடு. எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. துணி துவைத்தாலே நுரை வராது. கொம்யூன் பஞ்சாயத்துக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் நல்ல தண்ணீர் வரும். அதில் குளோரின் வாசனை இருக்கும். அதை நீல டிரம்மில் பிடித்து, வாசனை போகும்வரை திறந்து வைத்துத்தான் தொட்டிக்கு ஊற்ற வேண்டும். மீன்கள் வளர வளர அழுக்கும் கூடியது. தொட்டிக்குள் ஒரு மூலையில் சின்ன ஃபில்டர் ஒன்று ஒட்டியிருந்தது. உள்ளே மோட்டாரும் ஒரு கறுத்த ஸ்பாஞ்சும். அது இந்த இரண்டு மீன்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல் திணறியது. தண்ணீர் வெளிறிய டீ நிறத்துக்கு மாறியது. வீடியோ காலில் அதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. என்னையும் மாமியையும் விசாரிப்பதற்கு முன்பே போனைத் தொட்டிப் பக்கம் திருப்பச் சொல்வார்.

அங்கே ஒரு கடையில் நல்ல ஃபில்டர் பார்த்தாராம். வாளி மாதிரி இருக்கும். தொட்டிக்கு வெளியே, தாங்கிக்குள் வைக்க வேண்டும். ஒரு குழாய் தொட்டியிலிருந்து தண்ணீரைக் கீழே இழுக்கும்; வாளிக்குள் அடுக்கடுக்காக இருக்கும் ஸ்பாஞ்ச், பீங்கான் வளையம், கரி எல்லாவற்றின் வழியாகவும் அது போய், இன்னொரு குழாயில் மேலே ஏறித் தொட்டிக்குத் திரும்பும். அவரோடு அறையில் தங்கியிருந்த ஒருவர் விடுமுறைக்குத் திருமலைராயன்பட்டினம் வந்தபோது அவரிடம் கொடுத்தனுப்பினார். நான் தடுமாறக் கூடாது என்று, கொடுத்தனுப்பும் முன் பெட்டியைப் பிரித்து, தன் கட்டிலில் எல்லாவற்றையும் ஒருமுறை பூட்டிப் பார்த்து, மறுபடி கழற்றி, ஒவ்வொரு பாகத்திலும் வெள்ளை டேப் ஒட்டி ஒன்று, இரண்டு என்று பேனாவால் எண் போட்டிருந்தார்.

பெட்டி வந்த அன்று நான் பள்ளியில் இருந்தேன். யார் யாரோ தொட்டு எங்கெங்கோ கிடந்து வந்த சாமான் என்று மாமி அத்தனை பாகத்தையும் அண்டாவில் வெந்நீர் விட்டு ஊறவைத்துக் கழுவி, கொல்லையில் துணி விரித்துக் காயவைத்துவிட்டார். டேப்புகள் எல்லாம் உரிந்து வந்துவிட்டன. மாமி அவற்றைத் தூக்கிப் போடவில்லை. அண்டாவின் விளிம்பில் வரிசையாக ஒட்டிவைத்திருந்தார். "நம்பரு பூரா பத்திரமா இருக்கு புள்ள. எது எதுல இருந்துச்சுன்னுதான் தெரியல" என்றார். நான் அந்த எண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய கையெழுத்தில் நாலு எப்போதும் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

பிளக்கும் எங்கள் ஊருக்குப் பொருந்தாதது. மூன்று தட்டைப் பின்கள். சுரக்குடியிலிருந்து வழக்கமாக வரும் எலெக்ட்ரீஷியனை அழைத்தேன். அவர் அதை வெட்டி இந்தியப் பிளக் மாட்டினார். மீதியையும் பூட்டித் தர முடியுமா என்று கேட்டேன். பாகங்களைக் கையில் எடுத்துப் பார்த்து, இதெல்லாம் தனக்குப் பழக்கமில்லை, கண்ணாடி உடைந்தால் பொல்லாப்பு என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவரைக் குறை சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமைதான் என் கணவருக்கு விடுமுறை. ஜும்மா முடிந்து சாப்பிட்டு அவர் அறைக்குத் திரும்பும் நேரத்தில் நான் பள்ளியிலிருந்து வந்து தயாராக இருந்தேன். போனை ஒரு டப்பாவில் சாய்த்து வைத்தேன். அடுக்குக் கட்டிலின் கீழ்த்தட்டில் அவர் குனிந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. மற்றவர்கள் தூங்குகிறார்கள் என்று தணிந்த குரலில் பேசினார். முதலில் தொட்டி முழுவதையும் சுத்தம் செய்துவிடச் சொன்னார்.

"பழைய ஃபில்டரத் தூக்கிப் போட்டுடு. கல்லயெல்லாம் நல்லா தேச்சுக் கழுவு. புது ஃபில்டருக்குப் பழைய அழுக்கே இருக்கக் கூடாது."

அப்படியே செய்தேன். மீன்கள் இரண்டையும் வலையில் பிடித்துக் குளிக்கிற டப்புக்கு மாற்றினேன். அடியில் கிடந்த கூழாங்கற்களை பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் திரும்பத் திரும்ப அலசினேன். மாமி கண்ணாடியைத் துடைத்தார். பழைய ஸ்பாஞ்சைப் பிழிந்தபோது வந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்து இருவரும் முகம் சுளித்தோம். இதிலேயா இவை இத்தனை நாள் மூச்சுவிட்டன என்றார் மாமி. அதைக் குப்பையில் போட்டேன். டிரம்களில் சேர்த்துவைத்த புதுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினேன்.

அதற்குப் பிறகு குழாய்கள். எது உள்ளே போகும் குழாய், எது வெளியே வரும் குழாய் என்று தெரியவில்லை. அவர் படத்தைப் பார்த்து வலது என்று சொல்வார். அவருக்கு எது வலது, எனக்கு எது வலது என்று இருவரும் குழம்புவோம். போன் நின்று நின்று வந்தது. அவர் வாய் அசையும், சத்தம் வராது. சத்தம் வரும்போது நான் வேறு ஏதோ செய்துகொண்டிருப்பேன். வாளியின் மூடிக்குள் ஒரு ரப்பர் வளையம் உட்கார வேண்டும். அது ஒரு பக்கம் உட்கார்ந்தால் மறுபக்கம் எழுந்தது. ஒருவழியாகப் பூட்டி, வால்வைத் திறந்தேன். மூடியைச் சுற்றித் தண்ணீர் பீய்ச்சியடித்தது. வால்வைத் திரும்ப மூட வேண்டியவள், பதற்றத்தில் குழாயைப் பிடுங்கிவிட்டேன். தொட்டித் தண்ணீர் கூடத்தில் பாய்ந்தது. மாமியின் தொழுகை விரிப்பு நனைந்தது. டப்பா சரிந்து போன் குப்புற விழுந்தது. குப்புறக் கிடந்த போனுக்குள்ளிருந்து அவர் என்னாச்சு, என்னாச்சு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் சொல்ல எனக்குக் கை ஒழியவில்லை. இரண்டு விரல்களால் குழாயின் வாயை அடைத்துக்கொண்டு, நனைந்த தரையில் மண்டியிட்டு அழுதேன்.

மாமிதான் தாங்கிக்குள் கையை விட்டு, தெரிந்தோ தெரியாமலோ சரியான வால்வைத் திருப்பினார்.

போனை எடுத்தபோது அவர் முகம் வியர்த்திருந்தது. கூடத்தைக் காட்டச் சொன்னார், காட்டினேன். யார் யார் வீட்டுத் தொட்டிக்கோ, எத்தனை மாடி உயரத்துக்கோ தண்ணீர் ஏற்றிக்கொடுப்பவர், தன் வீட்டுக் கூடத்தில் பரவிக்கிடக்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தார். பிறகு, "ரப்பரத் தொடச்சு, கொஞ்சூண்டு எண்ணெய் தடவிப் பாரு புள்ள. அவசரம் இல்ல" என்றார்.

எண்ணெய் தடவியதும் வளையம் உட்கார்ந்தது. பிளக்கைச் செருகியதும் வாளி இரண்டு முறை கனைத்துவிட்டுச் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது. அன்று மாலை மக்ரிப் தொழுகைக்கு முன் தண்ணீர் அவ்வளவு தெளிந்துவிட்டது. டப்பிலிருந்து திரும்ப விட்ட மீன்கள் காற்றில் நிற்பதுபோல் தெரிந்தன. எல்லாப் பக்கத்திலிருந்தும் காட்டச் சொன்னார். அவருடைய அறைக்காரர்கள் எழுந்து, தலையைத் தலையை நீட்டிப் பார்த்தார்கள். தன் வீடு என்று அவர்களுக்குச் சொன்னார்.

சந்தோஷம் அதிக நாள் நிற்கவில்லை. அடுத்த வாரம் தொடங்கியதுமே தண்ணீர் அரிசி களைந்ததுபோல வெண்மையானது. கறுப்பு மீன் இறாலைத் தொடவில்லை. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. பிறகு இரண்டுமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பித்தன. மீன் வாங்கிய கடைக்குப் போய்ச் சொன்னேன். கடைக்காரர் நீல நிறத்தில் ஒரு மருந்தும் கல் உப்பும் போடச் சொன்னார். போட்டேன். தண்ணீர் நீலமானது, மீன்கள் அப்படியேதான் இருந்தன. மறுபடி போய்க் கேட்டபோது மஞ்சள் மருந்து ஒன்றைக் கொடுத்தார். சிலது பிழைக்கும், சிலது பிழைக்காது, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார். மாமி தன் பங்குக்கு ஒரு குவளைத் தண்ணீரில் ஓதி ஊதித் தொட்டியில் ஊற்றினார். எனக்கு எதையும் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. யார் எதைச் சொன்னாலும் செய்தேன். வாளி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் அவர்தான். வேலை முடிந்து வந்து, படுத்தபடி போனில் யார் யாரோ பேசிய வீடியோக்களைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் நான் காலை டிபன் செய்துகொண்டிருக்கும்போது கூப்பிட்டார்.

"அந்தப் பழைய ஸ்பாஞ்சு இருக்கா?"

இல்லை, அன்றைக்கே குப்பை வண்டியில் போய்விட்டது என்றேன்.

"அந்த அழுக்குதான் புள்ள அதுங்களக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. அதுல ஏதோ கிருமி இருக்குமாம், நல்ல கிருமி. மீனோட கழிவுல வர்ற வெசத்த அதுதான் தின்னுமாம். புது ஃபில்டர்ல அது வளரவே ஒரு மாசத்துக்கு மேல ஆகுமாம். நான்தான் எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொன்னேன்."

அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது என்றேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. தினமும் பாதித் தண்ணீரை மாற்றினால் தப்ப வழியிருக்கிறது என்றார். தினமும் பாதித் தொட்டி என்றால் எத்தனை வாளி என்பது அவருக்கும் தெரியும். குழாயில் எவ்வளவு நேரம் தண்ணீர் வரும் என்பதும் தெரியும். அதனால் மெதுவாகத்தான் சொன்னார். டிரம்கள், அண்டாக்கள், கல்யாணத்துக்கு எடுக்கும் தேக்சா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்தோம். குளோரின் போக வைத்திருக்க நேரமில்லாததால் அதை முறிக்கும் சொட்டு மருந்தைக் கடையிலிருந்து வாங்கி ஊற்றினோம். சமையலுக்குத் தண்ணீர் குறைந்தது.

ஆனாலும் கறுப்பு ஒரு காலையில் செத்துக் கிடந்தது. நான் பள்ளிக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன், பக்கவாட்டில் மிதக்கிறது. வாளியிலிருந்து மேலே வரும் தண்ணீரின் வேகம் அதை மெல்லத் தள்ளிக்கொண்டே இருந்தது. உயிரோடு நீந்துவதுபோலவே இருந்தது. மாமியும் நானும் கொல்லையில் முருங்கை மரத்தடியில் தோண்டிப் புதைத்தோம். புடவையிலும் கையிலும் மண் ஒட்டியிருக்கப் பள்ளிக்குப் போய், பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தேன். மதியம் அவரிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை. நேராகச் சொன்னேன்.

"கண்ணு தெறந்திருந்துச்சா?" என்று கேட்டார்.

மீனுக்குக் கண் மூடாது என்று அவருக்குத் தெரியாதா? திறந்துதான் இருந்தது என்றேன். சரி, டியூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வெள்ளை. அது தொட்டியின் அடியில் ஒருக்களித்துப் படுத்தது. செவுள் வேகமாக அடித்துக்கொண்டது. அங்கே கடும் வெயில் காலத்தில் மதியம் வெளிவேலையைச் சில மணி நேரம் நிறுத்திவிடுவார்கள். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டு, போனைத் தொட்டிப் பக்கத்தில் வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார் என்பார். அரிசி டப்பாவில் போனைச் சாய்த்துவிட்டு நான் சமையலறைக்குப் போய்விடுவேன்.

அப்படி ஒருநாள், துணி எடுக்கக் கூடத்தின் பக்கம் வந்தபோது, அவர் பேசிக்கொண்டிருப்பது கேட்டது. என்னோடு பேசுகிறார் என்று நினைத்து, என்ன மச்சான் என்று கேட்கப்போனேன். என்னோடு இல்லை.

"ரெண்டு நாளா இங்க ஏசி ஓடல. நாந்தான் ஊருக்கெல்லாம் சரிபண்றேன், நம்ம ரூமுக்கு வழியில்ல. அந்த சூப்பர்வைசரு இருக்கானே, எம்மவ வயசுதான் இருக்கும் அவனுக்கு. நேத்து பம்பு ரூம்ல எல்லாரு முன்னாடியும் ஏசிட்டான். நின்னுக்கிட்டு இருந்தேன். வீட்ல சொல்லல. சொல்லி என்ன பண்றது? நீ மூச்சு வாங்கு. மெதுவா வாங்கு."

நான் கதவோரம் நின்றேன். உள்ளே போனால் அவர் நிறுத்திவிடுவார். போகாவிட்டால் ஒளிந்திருந்து கேட்பதாகும். எனக்குப் பதினெட்டு வயதில் நிக்காஹ் ஆனது. இத்தனை வருடத்தில் அவர் தன் வேலை இடத்தைப் பற்றி என்னிடம் சொன்னதெல்லாம் வேலை இருக்கிறது, நல்லா இருக்கிறேன் என்பது மட்டும்தான். நான் சமையலறைக்குத் திரும்பி, அடுப்பில் ஏதும் இல்லாமலே அதன் முன்னால் நின்றேன்.

மறுநாள் அவர் கூப்பிட்டபோது, மீனைக் காட்டுவதற்கு முன், "வந்துடுங்களேன் மச்சான்" என்றேன்.

"வந்து?" என்றார்.

அதில் கோபம் இல்லை. உண்மையாகவே கேட்டார். போனைத் தொட்டிப் பக்கம் திருப்பினேன்.

அந்த வாரமே பராமரிப்புப் பணி என்று காலையிலிருந்து மாலைவரை மின்சாரம் நிறுத்தினார்கள். முன்னறிவிப்பு பேப்பரில் வந்திருந்ததாம், நாங்கள் பார்க்கவில்லை. வாளி நின்றது. தொட்டிக்குள் காற்று விடும் சின்னக் குழாயும் நின்றது. போன் சார்ஜ் இல்லாமல் முதலிலேயே அணைந்துவிட்டது. நான் பள்ளிக்கு வர முடியாது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லியனுப்பினேன். வெள்ளை தள்ளாடி மேலே வந்து வாயைப் பிளந்தது. ஒரு மக்கை எடுத்துத் தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு, கொஞ்சம் உயரத்திலிருந்து அதிலேயே ஊற்றினேன். அப்படி ஊற்றினால் காற்றுக் கலக்கும் என்று அவர் எப்போதோ சொன்ன ஞாபகம். கை ஓய்ந்தபோது மாமி மக்கை வாங்கிக்கொண்டார். மாமிக்கு முழங்கால் வலி. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஊற்றினார். மொண்டு ஊற்றுவது, மொண்டு ஊற்றுவது. மதியம் லுஹர் தொழ மாமி போனால் நான். நான் போனால் மாமி. மதியச் சாப்பாட்டை அன்று யாரும் நினைக்கவில்லை. வியர்வையில் இருவருடைய ஜாக்கெட்டும் முதுகில் ஒட்டியது.

இறாலைக் கொடுக்காதே, பணத்தைக் கரியாக்காதே என்று இந்த மீன்களால் மாமி ஏசாத நாளில்லை. நடுவில் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அவன் அங்க சாப்பிடுறானா? ஒன்கிட்ட ஏதாச்சும் சொல்றானா?"

சாப்பிடுகிறார் என்று மட்டும் சொன்னேன். மற்றதை மாமியிடம் எப்படிச் சொல்வது? மாமி தலையை ஆட்டிவிட்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். மகன் சொல்லாததை எல்லாம் அவர் ஏற்கெனவே தெரிந்துவைத்திருப்பதுபோல் எனக்கு இருந்தது.

மக்ரிப் பாங்குக்குச் சற்று முன் மின்சாரம் வந்தது. வாளி கனைத்துவிட்டு ஓடியது. வெள்ளை உயிரோடு இருந்தது.

அது பிழைத்ததற்கு எது காரணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. தினமும் மாற்றிய தண்ணீராக இருக்கலாம். அந்த நல்ல கிருமி வாளிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கலாம். மாமி ஓதி ஊதியதுதான் என்று மாமி சொல்கிறார். கோடை முடியும்போது தண்ணீரின் வெண்மை தானாக விலகியது. வெள்ளை எழுந்து நீந்தத் தொடங்கியது. ஆனால் ஒரு கண்ணில் பால் படர்ந்ததுபோல் ஆகிவிட்டது. அந்தப் பக்கமிருந்து இறால் போட்டால் தெரியவில்லை. போனை அந்தப் பக்கம் வைத்தாலும் திரும்புவதில்லை. முதலில் அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனித்த நாளில், இந்தப் பக்கம் வை என்று மட்டும் சொன்னார்.

மழைக்காலம் தொடங்கும்போது அவர் வேலை ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டித்தார்கள். என்னிடம் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார். நான் சரி என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் என்று இப்போதும் யோசிக்கிறேன். மகளின் கடைசி வருடம் வரை ஓடட்டும் என்றார்; அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார். அப்போது அவருக்கு என்ன வயதாகியிருக்கும் என்று இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை.

வாளியை அவ்வப்போது திறந்து சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கு முழுவதையும் எடுத்துவிடக் கூடாது. தொட்டித் தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை லேசாக அலசிவிட்டு மறுபடி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அவர் போனில் இருக்க, நான் செய்வேன். சீக்கிரமே எனக்குக் கை பழகிவிட்டது. வளையத்துக்கு எண்ணெய், முதலில் இந்த வால்வு, பிறகு அந்த வால்வு. ஒரு வெள்ளிக்கிழமை அவர் கூப்பிட நேரமானது. நானே திறந்து, அலசி, பூட்டி, தரையைத் துடைத்தும் முடித்துவிட்டேன். அவர் கூப்பிட்டதும் பெருமையாகவே சொன்னேன்.

"முடிச்சிட்டியா?" என்றார். லீக் இல்லையே என்றார். இல்லை என்றேன். வால்வு ரெண்டையும் மூடிவிட்டுத்தானே கழற்றினாய் என்றார். ஆமாம் என்றேன். சரி என்றார். பிறகு இருவருக்கும் பேச ஒன்றுமில்லை. அவர் அறையில் ஓடிய விசிறியைப் பார்த்தார். வெயில் எப்படி என்று கேட்டேன், இருக்கிறது என்றார். சூப்பர்வைசர் எப்படி என்று கேட்க வாய் வரை வந்தது. அன்று நான் ஒட்டுக்கேட்டது தெரிந்தால் அவர் இனி மீனிடமும் பேசமாட்டார். உம்மாவைக் கூப்பிடு என்றார். மாமியிடம் கொஞ்சம் பேசிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்த முறை நான் வாளியைத் தாங்கிக்குள்ளிருந்து பாதி வெளியே இழுத்து வைத்துவிட்டு, துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஏன் ஆரம்பிக்கவில்லை என்று மாமி கேட்டார். அவர் கூப்பிடட்டும் என்றேன். மாமி எனக்குப் பக்கத்தில் ஒரு பழைய துண்டை விரித்துவிட்டுப் போனார். போன் அடித்தது. அவர் முகம் வந்தது. தூங்கி எழுந்த முகம்.

"மச்சான், எத மொதல்ல மூடணும்?" என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, போனை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கிக் காட்டச் சொன்னார்.